சந்துச் சுவர்ப் பிள்ளையார்

காலை ஐந்தே முக்கால். ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு காது. எதிர்ச்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, கரியால் வரைந்த காது. முறத்தின் அகலம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு ஆர்ட்டிஸ்ட் இரண்டாவது காதைத் தொடங்கியிருந்தார். இரண்டு காதுக்கும் நடுவில் வெறும் சுவர். முகம் இன்னும் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் சென்னைத் தினசரி ஒன்றுக்கு வட்டாரச் செய்தியாளனாக உத்திரமேரூருக்கு வந்து, நெல் மண்டியின் மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். செய்தியை உறையில் போட்டுக் காஞ்சிபுரம் போகும் முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். அதனால் அந்த நேரத்து விழிப்பு. என் ஜன்னல் மண்டியின் பின்பக்கம், ஒரு சந்துப் பக்கமாக இருந்தது. சந்தின் இந்தப் பக்கம் மண்டி. அந்தப் பக்கம் ஒரு மெஸ்ஸின் நீளமான பக்கச் சுவர், அதன் கோடியில் ஒரு சின்னப் பின்கதவு. பஸ் நிலையத்திலிருந்து பஜார் தெருவுக்குப் போக அதுதான் குறுக்கு வழி.

இந்த ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வருவதே சுவரைப் பார்க்கத்தான். கோயிலின் கற்சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி, அதைப் பார்த்து, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். பின் சந்துகளுக்குள் யாரும் வருவதில்லை. செய்தி கிடைக்காத நாள்களில் நான் அங்கே நடப்பேன். செய்தி அநேகமாக அங்கேயும் கிடைக்காது. சுவர்கள் இருந்தன.

பஜார் தெருவின் முகப்புச் சுவர்கள் உரத்துக்கும் பல்பொடிக்கும் போய்விட்டன. சந்துச் சுவர்கள் கட்சிகளுக்கு. தேர்தல் என்று பேச்சு எழுந்தாலே ஒரு ஆள் வாளியில் சுண்ணாம்போடு வந்து, ஒரு நீளச் சுவரை வெள்ளையடித்து, மூலையில் கட்சியின் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிட்டுப் போவான். அதற்குச் சுவர் பிடிப்பது என்று பெயர். ஒரு கட்சி பிடித்த சுவரில் இன்னொரு கட்சி கை வைக்காது. வீட்டுக்காரரைக் கேட்கும் வழக்கமில்லை. ஓசியில் வெள்ளையடித்துக் கிடைத்ததே என்று அவரும் பேசாமல் இருந்துவிடுவார். செக்கடிச் சந்தில் இப்படி இரண்டு தேர்தலுக்கு முன்கூட்டியே பிடித்து வைத்திருந்த ஒரு சுவரில் சின்னம் வரவில்லை, வரட்டி வந்தது. அந்த வீட்டு அம்மாள் கட்சிப் பெயர் இருந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சாணியைத் தட்டியிருந்தாள். ஒவ்வொரு வரட்டியிலும் ஐந்து விரல்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். அதன் அருகே சிரித்த முகத்தோடு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். யாரோ கரியை எடுத்து அம்மாவின் இடுப்பில் மூன்றாவது பிள்ளையை வரைந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் கிரிக்கெட் ஸ்டம்புக்கு மூன்று கோடு. அதற்கு மேலே திருக்குறள், பாதி பந்து பட்டு அழிந்தது.

இவற்றில் பாதிக்கு மேல் ஒரே கையின் வேலை. அவரை எல்லாரும் ஆர்ட்டிஸ்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். கடைப் பலகை, மாட்டு வண்டியின் பின்பலகை, நாடகப் படுதா, கட்சிச் சின்னம் எல்லாம் அவர்தான். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. ஒரு சின்னம் மற்றதைவிட ஒரு விரல் பெரிதாகப் போய்விட்டால் சண்டை வரும் என்பதால் நூல் பிடித்து அளந்து வரைவார். அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் சந்துச் சுவரை எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை. காரணம் நாற்றம். செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் நேராக அங்கே வந்து, மெஸ் சுவரைப் பார்த்து நின்று, வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குள் போவார்கள். மழைக்காலத்தில் பரவாயில்லை. மற்ற மாதங்களில் மெஸ்ஸின் பின்கதவைத் திறக்கவே முடியாது.

மெஸ் நடத்திய அம்மாளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். வயது பார்க்காமல் எல்லாருக்கும் அவர் அக்கா. வீட்டின் முன்பக்கத்தில் நான்கு பெஞ்சு, நடுவில் அடுப்பு, பின்னால் அந்தக் கதவு. கொல்லை கிடையாது. தண்ணீர் சந்தில் இருந்த கைபம்பில். வேலையில் பாதி சந்தில்தான் நடந்தாக வேண்டும். அவர் புருஷன் விடிவதற்குள் ஏரிக்குப் போய் மீன் வாங்கி, சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு வருவார். கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். பின்கதவுக்கு வெளியே ஒரு கருங்கல். அதன்மேல் அக்கா சாம்பலைப் போட்டு உரசி, பம்புத் தண்ணீரில் அலசி, உயிர் அடங்குவதற்குள் மீனைச் சட்டிக்கு அனுப்பிவிடுவார். அந்த மெஸ்ஸுக்கு ஆள் வந்தது அதற்காகத்தான். சாம்பார் சாதம் பஸ் நிலையத்தைச் சுற்றி வேறு மூன்று இடத்தில் கிடைத்தது. அவர் மீன் குழம்புக்குப் பஸ்ஸைப் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்த டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுவரைக் காப்பாற்ற அவர் எல்லாம் செய்து பார்த்தார். கருவேல முள்ளை வெட்டிப் போட்டார். ஆள்கள் அதைச் செருப்பால் ஒதுக்கிவிட்டு நின்றார்கள். ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு, இங்கு சிறுநீர் கழிக்காதீர் என்று எழுத வைத்தார். எழுத்துக்கு நேர் கீழேயே நின்றார்கள். பிறகு, கழிப்பவன் கழுதை என்று மாற்றி எழுதி, பக்கத்தில் ஒரு கழுதையும் வரைய வைத்தார். கழுதை நன்றாக வந்துவிட்டது. அது சந்துக்கு அடையாளமாயிற்று. பஸ் நின்றதும் ஆள்கள், “தோ, கழுதையாண்ட போயிட்டு வந்துர்றேன்” என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

சாமி வரைவது என்று முடிவானது அதற்குப் பிறகு. நான் காதைப் பார்த்த காலைக்கு முந்தின நாள் மத்தியானம், மெஸ்ஸில் வைத்து முடிவானது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிர் பெஞ்சில் மண்டியின் மூட்டை தூக்கும் ஆள்கள் இரண்டு பேர்.

“மெட்ராஸ்ல எல்லா செவுத்துலயும் சாமிதாங்க்கா” என்றார் ஆர்ட்டிஸ்ட். “சாமி போட்ட எடத்துல ஒருத்தன் நிக்கறதில்ல. இன்னா சாமி போடட்டும், அத்தச் சொல்லு.”

“எந்த சாமிக்கு இவனுங்க பயப்படுவானுங்க?”

“அம்மனுக்கு பயப்படுவானுங்க. ஆனா ஆடி வந்தா கூழு ஊத்தணும்.”

“தெனம் இவனுங்களுக்கு ஊத்தறதே போதும். முருகரு?”

“மயிலு, வேலு, ரெண்டு பொண்டாட்டி. அம்மாம் பெரிய குடும்பத்துக்கு அந்த எடம் பத்தாது.”

மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் வாயில் சோற்றோடு சொன்னார்: “பெருமாளப் போடுய்யா.”

“நாமத்தப் போட்டு வெச்சா, இந்த மெஸ்ஸுல யாருக்கோ நாமம் போட்டுட்டாங்க போலன்னு சாப்ட வர்றவன் திரும்பிப் போயிருவான்.”

அக்காவின் புருஷன் அதிகம் பேசாதவர். அவர் தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னார்: “புள்ளையாரப் போடு. யாரு வம்புக்கும் போவாதவரு. ஏரிக்கரைல குந்திக்கினு கீறாரு, அரசமரத்தாண்ட குந்திக்கினு கீறாரு. சந்துல குந்த மாட்டேன்னா சொல்லப் போறாரு?”

அப்படி முடிவாயிற்று. அந்த நேரத்தில் என் இலையில் கெண்டை மீன் இருந்தது. யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

கழுதைக்கு மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கினார் ஆர்ட்டிஸ்ட். கழுதைக்குப் பவுடர் வண்ணம் கரைத்துப் போட்டிருந்தார். பிள்ளையாருக்கு எனாமல் வேண்டும், பத்து மழைக்கும் நிற்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். மத்தியானத்துக்குள் உடம்பு முடிந்துவிட்டது. இளஞ்சிவப்பு வயிறு, மஞ்சள் வேட்டி, காலடியில் தட்டு நிறையக் கொழுக்கட்டை. மூஞ்சூறு நிஜ எலியின் அளவே இருந்தது. கண்ணை மட்டும் விட்டுவிட்டார். மறுநாள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, அக்காவைத் தேங்காய் உடைக்கச் சொல்லி, கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே இரண்டு கண்ணுக்கும் கருமணி வைத்தார். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அந்தக் கணத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அன்று முதல் அந்தச் சுவரில் யாரும் நிற்கவில்லை. பஸ்ஸிலிருந்து ஓடி வந்தவர்கள் லுங்கியில் கை வைத்த பிறகு நிமிர்ந்து பார்த்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்படியே திரும்பி ஓடியதை நான் ஜன்னலிலிருந்து பலமுறை பார்த்தேன். ஒரு வாரத்தில் நாற்றம் போயிற்று. அக்கா பின்கதவை நாள் முழுக்கத் திறந்து வைத்தார்.

மண்டியின் கணக்குப்பிள்ளைக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. நெற்றியில் விபூதி கலையாமல் பார்த்துக்கொள்கிறவர். என் அறைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு செம்பருத்திப் பூவைச் சுவரடியில் வைத்தது அவர்தான். பிறகு அருகம்புல். பிறகு கற்பூரத்துக்கு ஒரு தகரத் தட்டு. மூட்டை தூக்குகிறவர்கள் சேர்ந்து படத்துக்கு மேலே தகரத்தால் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். சங்கடஹர சதுர்த்திக்குச் சுண்டல் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் தவிர மற்ற நாள்களில் கணக்குப்பிள்ளை மத்தியானம் மெஸ்ஸிலிருந்து மீன் குழம்பு பார்சல் வாங்குவது வழக்கம். அதுவும் நடந்துகொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் காலை வெயில் சந்துக்குள் சாய்ந்தபோது, பிள்ளையாரின் வயிற்றில் ஏதோ மின்னியது. தொப்புளுக்குச் சற்று மேலே. மாடியிலிருந்து பார்க்க ஒரு காசு ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தது. கற்பூரம் ஏற்ற வந்த கணக்குப்பிள்ளை கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது?”

கல்லின்மேல் குனிந்திருந்த அக்கா நிமிர்ந்தார். “இன்னாண்ணா?”

“சாமி வயித்துல. வந்து பாரு.”

“மீன் செதுலு” என்றார் அக்கா. “காக்கா தூக்கிக்கினு போய் போட்டிருக்கும். தொடைச்சிட்டா போச்சி.”

“நீ தொடாத. மீனு கய்வன கை.”

“நேத்து உனக்கு பார்சல் கட்னது இந்தக் கைதாண்ணா.”

மண்டி வாசலில் சிரிப்புக் கேட்டது. கணக்குப்பிள்ளை திரும்பிப் பார்த்ததும் நின்றது.

“பார்சல் வேற, இது வேற” என்றார் அவர். “வூட்ல துன்றது துன்றதுதான். யாரு வோணாம்ன்றா? ஆனா அவரு மூஞ்சிக்கு எதுர்ல மீன வெச்சி கய்த்த அறுத்துக்கினு கீற. ரத்தத் தண்ணி அவரு காலாண்ட ஓடுது. இது அடுக்குமா?”

“நான்தாண்ணா அவர வரைய வெச்சேன்.”

“வரைய வெச்சது நீ. வந்து குந்திக்கினது அவரு.”

மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவர் சமாதானத்துக்கு வந்தார். “யக்கா, மீனு போடாதன்னு யாரும் சொல்லல. மீனு இல்லன்னா நாங்க எங்க போவோம்? இங்க கய்வாத. அவ்ளோதான்.”

“பின்ன எங்க கய்வறது? உன் வூட்டு நடுக்கூடத்துலயா?”

அன்று மாலை மண்டி ஆள்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். கல்லை எடுத்துவிட வேண்டும். சந்தில் மீன் கழுவக் கூடாது.

மறுநாளிலிருந்து அக்காவின் புருஷன் மீனை ஏரியிலேயே கழுவிக்கொண்டு வரப் பார்த்தார். மதகடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவரைக் கூடையோடு விரட்டினார்கள். அப்புறம் ஒரு வாய்க்கால் ஓரத்தில் கழுவி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கழுவின மீன் வெயிலில் வரும் வழியிலேயே தளர்ந்தது. குழம்பில் போட்டால் சதை தனியாக, முள் தனியாகக் கழன்றது. டிரைவர்கள் மறுநாள் பஸ்ஸை நிறுத்தவில்லை. வாரக் கடைசியில் நான் சாப்பிடப் போனபோது இரண்டு பெஞ்சு காலியாக இருந்தது. பாதிச் சட்டி குழம்பு மிச்சம்.

“உச்சாவ நிறுத்துனாரு” என்றார் அக்கா, சட்டியைப் பார்த்தபடி. “அப்டியே யாவாரத்தையும் நிறுத்திட்டாரு.”

புருஷன், மெஸ்ஸை மூடிவிட்டு மதுராந்தகம் பக்கம் ஏதாவது அரிசி மில்லில் வேலைக்குப் போகலாம் என்றார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இன்னாக்கா, அதுக்குள்ள பெயிண்டு போயிட்ச்சா?”

“பெயிண்டு நல்லாத்தான் கீது. சுண்ணாம்ப எடுத்து மேல அடிச்சிரு.”

அவர் ஓர் அடி பின்னால் போனார். “யாரு மேல?”

“கழுத மேல அடிச்சியே.”

“கழுதைக்கு கண்ணா தொறந்தேன்? கண்ணு வெக்காத வரிக்கும் அது பெயிண்டு, என் வேல. வெச்சிட்டப்புறம் என் கைல இல்லக்கா. எனக்கும் புள்ளகுட்டி கீது.”

“வேற யாருனா அடிப்பாங்களா?”

“இந்த ஊர்ல செவுத்துல கை வெக்கறது நான் ஒருத்தன்தான்.”

அது உண்மை. எனாமல் என்பதால் மழையும் உதவாது. அந்த வருஷத்து மழை முழுவதையும் வாங்கிக்கொண்டு பிள்ளையார் முதல் நாள்போலவே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அக்கா தாமாகவே மண்டிக்கு வந்தார். உள்ளே நுழையாமல், பின்வாசலில் நின்றே பேசினார். நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, எங்க அம்மா வூடு பழையசீவரத்தாண்ட. அங்க தோப்புக் கோயில்ல ஒரு புள்ளையாரு, பக்கத்துலயே முனீஸ்வரன். முனிக்கு கெடா வெட்டசொல்ல புள்ளையாருக்கு படுதா இழுத்து வுட்ருவாங்க. வெட்டி முடிச்சி, எடத்த கய்வி வுட்டுட்டு, அப்புறம் படுதாவ எடுப்பாங்க. அவரு பாக்கறதில்ல. அதனால தப்பில்ல.”

கணக்குப்பிள்ளை பேனாவை மூடினார். “எங்க ஊர்லயும் உண்டு” என்றார். “நானே வேட்டி புடிச்சிக்கினு நின்னுகீறேன்.”

“இங்கயும் போட்டா?”

“கெடா வருஷத்துக்கு ஒரு தபா. நீ தெனம் இல்ல வெட்ற?”

“கெடா பெருசு. கெண்ட சின்னதுதானண்ணா.”

உள்ளேயிருந்து ஒருவர், “நாயம்தான்” என்றார். கணக்குப்பிள்ளைக்கும் வேறு வழி தெரியவில்லை, அல்லது பார்சல் வராதது அவருக்கும் கஷ்டமாக இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. நிபந்தனைகள் போட்டார். கூடை சந்துக்குள் நுழைவதற்கு முன் படுதா விழ வேண்டும். வேலை முடிந்து, கல்லிலும் தரையிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் சதுர்த்தியும் மீன் கிடையாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தகரச் சாய்ப்பில் கம்பி கட்டி, நான்கு கோணிச்சாக்கைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டார்கள். காலையில் சைக்கிள் மணி கேட்டதும் அக்கா கயிற்றை அவிழ்ப்பார், சாக்கு விழும். மீன் சட்டிக்குப் போனதும் சுருட்டிக் கட்டிவிடுவார். முதல் நாள் குழம்பு பழையபடி இருந்தது. டிரைவர்களுக்கு யார் சொன்னார்களோ, மத்தியானத்துக்குள் பெஞ்சு நிரம்பிவிட்டது.

மூன்றாம் நாளே பழைய நாற்றம். சாக்கு தொங்கும் நேரத்தில், மீனைச் சட்டியில் போட அக்கா உள்ளே போனதும், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் மறுபடி வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கத்தினார் அக்கா. அந்த ஆள் கோபப்படவே இல்லை.

“தெர போட்டுக்கீது இல்லம்மா?”

“போட்டா?”

“அவருக்கு தெரியாதுன்னுதான் நீயே மீனு கய்வுற. நான் நிக்கறது மட்டும் தெரிஞ்சிருமா?”

அந்த ஆள் முடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மறுபடி ஆர்ட்டிஸ்ட் வந்தார். இந்த முறை அக்கா கேட்டது வேறு. “சாக்கு மேல முனீஸ்வரன போடு. மீன் கய்வசொல்ல அவரு வெளிய இருப்பாரு. அவருக்கு மீனும் ஆவும், கறியும் ஆவும்.”

ஆர்ட்டிஸ்ட் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். “முனிய தெனம் சுருட்டுவியா? கண்ணத் தொறந்து வெச்சிட்டு சுருட்டுனா வூட்ட சுருட்டிருவாரு.”

“அப்ப இன்னா பண்றது?”

“கண்ணு தொறக்காம வுட்டுடறேன்.”

“மூடிக்கினு கீற மாரியா?”

“மூடிக்கினா தூங்கறாருன்னு வந்து நிப்பானுங்க. தொறந்துதான் இருக்கணும். கருமணி வெக்க மாட்டேன்.”

நாடகப் படுதாவுக்கு வைத்திருந்த கெட்டித் துணியில் வரைந்து, சாக்கின்மேல் தைத்துக் கொடுத்தார். எட்டடி முனி. கன்னத்தைத் தாண்டிப் போகும் மீசை, தோளில் சாத்திய அரிவாள், காலடியில் நாய். கண் இருக்க வேண்டிய இடத்தில் கோழிமுட்டை அளவுக்கு இரண்டு வெள்ளை. உள்ளே ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளை வந்து பார்த்தார். கண்ணில் மணி இல்லாததால் இது சாமி இல்லை, படம்தான் என்று ஆர்ட்டிஸ்ட் அவருக்கு விளக்கினார். அவர் ஒப்புக்கொண்டார். இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போனார்.

படுதா தொங்கும் நேரத்தில் அந்தச் சந்தில் பிறகு யாரும் நிற்கவில்லை. நடப்பதற்கே யோசித்தார்கள். மாசமாக இருந்த ஒரு பெண் பஜாருக்குப் போக ஊரைச் சுற்றிப் போனதைப் பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவர் காலையில் முதுகைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தார்.

“பெயிண்டுதானே, இன்னா பயம்?” என்று கேட்டேன்.

“சாமி படம்னா எங்க நின்னாலும் நம்மளப் பாக்கும் சார்” என்றார். “இது எங்க நின்னாலும் பாக்கல. அதான் பேஜாரா கீது.”

அக்கா படுதாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் கழுவினார். செதில் தெறித்துத் துணியில் ஒட்டும். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அடித்துத் துடைத்துவிடுவார். ஒன்பது மணி சுமாருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் கயிற்றை இழுப்பார். முனி காலிலிருந்து மேலாகச் சுருண்டு போவார். கடைசியில் மீசையும் அந்த இரண்டு வெள்ளையும் போகும். பின்னால் பிள்ளையார். கணக்குப்பிள்ளை கற்பூரத்தோடு தயாராக நிற்பார். பார்சல் மறுபடி போக ஆரம்பித்தது.

தேர்தலுக்கு நாள் குறித்ததும் ஒரு கட்சி ஆள் சுண்ணாம்பு வாளியோடு எங்கள் சந்துக்கும் வந்தான். நாற்றம் போய்விட்ட செய்தி எட்டியிருக்க வேண்டும். படுதா தொங்கிக்கொண்டிருந்த நேரம். அவன் சந்தின் முனையில் நின்று பார்த்துவிட்டு, பம்பில் கால் கழுவிக்கொண்டு திரும்பிப் போனான். சுவர் பிடிக்கும் வழக்கத்தைப் பற்றி அப்போது ஒரு கட்டுரை அனுப்பினேன். கற்சுவரின் தேர்தல் விதிகளைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு பத்தி அச்சில் வந்தது. மற்றது வரவில்லை.

மெஸ்ஸில் ஐந்தாவதாக ஒரு பெஞ்சு போட்டார்கள். புருஷன் மதுராந்தகம் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷம் சித்திரை பிறப்பதற்குள் ஏரி வற்றிவிட்டது. அடுத்த மழை வரை மெஸ்ஸில் முட்டைக் குழம்பு. முனி சுருட்டினபடியே இருந்தார்.